சிறுத்தைகள் கேட்ட இரத்தக் கணக்கு

சிறுத்தை என்ற பெயர் நமக்குக் கடல் கடந்து வந்தது. 1966 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்தில் ஹ்யூயி நியூட்டனும் பாபி சீலும் தொடங்கிய கருஞ்சிறுத்தைக் கட்சியின் பெயரை, 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜெ.வி. பவார், ராஜா தாலே போன்றவர்கள் எடுத்துத் தலித் சிறுத்தைகள் ஆக்கினார்கள். பிறகு அது மதுரைக்கு வந்தது. துப்பாக்கி ஏந்திய கறுப்பு இளைஞர்களின் படம் நம்ம ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். கறுப்புத் தொப்பி, தோல் சட்டை, தூக்கிய கை. அதே கட்சிக்காரர்கள் தெருமுனையில் மேசை போட்டு, வரிசையில் நின்ற பிள்ளைகளின் விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்ததும் அதே வரலாறுதான். அது நம் பேச்சில் அதிகம் வருவதில்லை. அந்த ஒரு சொட்டு ரத்தம் அமெரிக்க அரசாங்கத்தின் மருத்துவ ஆராய்ச்சிப் பணத்தை எப்படிக் கேள்வி கேட்டது, கேட்டு வாங்கிய திட்டம் எப்படித் திரும்பி அதே சனங்கள் மேல் விழுந்தது, இன்றைக்கு நமக்கு அந்தக் கதை எதற்கு என்பதை இங்கே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. அரசு ஆஸ்பத்திரி லேப்பில் ஸ்லைடு பார்த்தே கண் மங்கிய ஆள். அதனால் முதலில் நோயைப் பற்றி எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்லிவிடுகிறேன். பெயர் சிக்கிள் செல் அனீமியா. தமிழில் அரிவாள் செல் சோகை என்று எழுதுகிறார்கள். நல்ல சிவப்பணு வட்டமாக, நடுவில் கட்டைவிரலால் அமுக்கினது மாதிரி இருக்கும். இந்த நோய்க்காரரின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சிவப்பணு வளைந்து, நம்ம பொம்பளைங்க கதிரறுக்கக் கொண்டு போகிற அரிவாள் மாதிரி ஆகிவிடும். வளைந்த அணு மெல்லிய ரத்தக் குழாயில் சிக்கிக்கொள்ளும். அடைத்த இடத்தில் உயிர் போகிற வலி. மூட்டு வீங்கும், கண் மஞ்சளிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு மண்ணீரல் கெட்டுப்போய், மற்றப் பிள்ளைகள் தாங்கிவிடுகிற கிருமித் தொற்றிலேயே உயிர் போகும்.

தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் இந்தக் கூறு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஆஸ்பத்திரியில் ‘கேரியர்’ என்பார்கள். அவர் நோயாளி இல்லை. பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து முடிப்பார். இந்த வித்தியாசத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாட்டின் சட்டமே இதில்தான் தடுமாறியது. கேரியராக இருப்பவருக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது என்று 1954இல் ஆன்டனி ஆலிசன் காட்டினார். ஆகவே கொசுவும் மலேரியாவும் தலைமுறை தலைமுறையாக இருந்த இடங்களில் இந்தக் கூறு தங்கியது. ஆப்பிரிக்காவில் இருக்கிறது, கிரேக்கர்களிடம், சிசிலிக்காரர்களிடம், அரேபியர்களிடம் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. தோல் நிறம் இதைத் தீர்மானிக்கவில்லை. ஆனால் அமெரிக்கா இதைக் ‘கறுப்பர் நோய்’ என்று பெயரிட்டுவிட்டது. பெயரிட்ட பிறகு மறந்தும் விட்டது.

மறந்தது யார் என்று சரியாகச் சொல்ல வேண்டும். விஞ்ஞானம் மறக்கவில்லை. 1910இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இந்த வளைந்த அணுக்களைப் பற்றி முதல் கட்டுரை எழுதினார். கட்டுரையில் அந்த நோயாளிக்குப் பெயர் கிடையாது. பிற்கால ஆய்வாளர்கள் தேடி எடுத்த பெயர் வால்டர் கிளமென்ட் நோயல். கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த கறுப்பு மாணவர். படித்து முடித்து ஊருக்குத் திரும்பி, 1916இல் 32 வயதில் செத்துப்போனார். 1949இல் லைனஸ் பாலிங் குழு இதை ‘மூலக்கூறு நோய்’ என்று நிறுவியது. ஒரு நோயின் காரணத்தை ஒரே ஒரு புரத மூலக்கூறின் மாற்றத்தில் காட்டியது அதுதான் முதல் தடவை. 1956இல் வெர்னான் இங்கிராம் அந்த மாற்றம் எந்த இடத்தில் இருக்கிறது என்று நெருங்கிப் பிடித்தார். ஆக, நவீன மூலக்கூறு மருத்துவத்தின் பாலபாடமே கறுப்பு மக்களின் ரத்தத்தில்தான் எழுதப்பட்டது. பாடம் எழுதியவர்களுக்குப் புகழ் வந்தது. ரத்தம் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்குச் சிகிச்சை வரவில்லை.

ஏன் வரவில்லை? இதற்கு ஆராய்ச்சிப் பணம் எப்படிக் கேட்டு வாங்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் இதைக் கலையாகவே ஆக்கியவர் மேரி லாஸ்கர். விளம்பரத் தொழிலில் கோடி சம்பாதித்த ஆல்பர்ட் லாஸ்கரின் மனைவி. தலைநகரத்தில் எந்தக் கமிட்டியில் யார் உட்காருகிறார், யாருக்கு வீட்டில் என்ன வியாதி, எந்த மருத்துவரைச் சாட்சி சொல்லக் கூட்டிவந்தால் எந்த உறுப்பினர் இளகுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தேசிய சுகாதார நிறுவனங்களுக்கான பணம் 1945இல் 30 லட்சம் டாலருக்கும் கீழே இருந்தது. 1960களின் பிற்பகுதியில் 100 கோடி டாலரைத் தாண்டியது. மேரி லாஸ்கரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தால் பல உயிர் பிழைத்தது. ஆனால் அந்த மேசைக்குப் போக விருந்து வைக்கிற வீடும், பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கிற காசும் வேண்டும்.

செனட்டில் அவருக்குப் பெரிய துணையாக இருந்தவர் லிஸ்டர் ஹில். மருத்துவ ஆராய்ச்சியின் காவலர் என்று புகழப்பட்டவர். அவர் அலபாமா மாநிலத்துக்காரர். கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் உட்காரக்கூடாது என்று 1956இல் தென்மாநில உறுப்பினர்கள் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர். அவர் பெயர் தாங்கிய 1946ஆம் வருஷத்து ஆஸ்பத்திரிச் சட்டம், அரசுப் பணத்திலேயே வெள்ளையருக்குத் தனி ஆஸ்பத்திரி, கறுப்பருக்குத் தனி ஆஸ்பத்திரி கட்ட இடம் கொடுத்தது. ஊர் வேறு, சேரி வேறு என்பதற்குச் சட்ட வடிவம். 1963இல் நீதிமன்றம்தான் அதை உடைத்தது.

அதே அலபாமாவில், டஸ்கீகி என்ற ஊரில், 1932இலிருந்து அரசுப் பொதுச் சுகாதாரத் துறை ஒரு ‘ஆராய்ச்சி’ நடத்திக்கொண்டிருந்தது. கிரந்தி நோய் உள்ள 399 கறுப்பு ஆண்கள், நோய் இல்லாத 201 பேர். பெரும்பாலும் ஏழைக் குத்தகை விவசாயிகள். உங்களுக்குக் ‘கெட்ட ரத்தம்’, நாங்கள் வைத்தியம் பார்க்கிறோம் என்று சொல்லி, வைத்தியமே பார்க்காமல், நோய் முற்றி எப்படிச் சாகிறார்கள் என்று குறிப்பு எழுதினார்கள். 1947 வாக்கில் பென்சிலின் இந்த நோய்க்கு உறுதியான மருந்தாகிவிட்டது. அப்புறமும் கொடுக்கவில்லை. 40 வருஷம்! கறுப்பு உடம்புக்கு ஆராய்ச்சி நிதி கிடைக்கவில்லை என்று சொல்வது ஆகவே முழு உண்மை இல்லை. செத்ததை எண்ணுவதற்குப் பணம் இருந்தது.

இந்தச் சூழலில்தான் இரண்டு ஸ்காட்டுகள் வருகிறார்கள். ஒருவர் ரோலண்ட் ஸ்காட், வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்புக் குழந்தை மருத்துவர். குழந்தை மருத்துவர்களின் தேசியச் சங்கம் 1939இல் அவரைச் சேர்க்க மறுத்தது. 1945இல்தான் உள்ளே விட்டது. அவர் பல பத்தாண்டுகளாக இந்த நோயையே பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். இன்னொருவர் வர்ஜீனியாவில் இருந்த ராபர்ட் ஸ்காட். 1970இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டார். 1967இல் புதிதாக அரிவாள் செல் நோயோடு பிறந்தவர்கள் சுமார் 1,155 பேர். பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகளுக்கு வருகிற சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் 1,206 பேர். தசைச் சிதைவு நோயில் 813 பேர். தொண்டு அமைப்புகள் திரட்டிய பணமோ, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு 19 லட்சம் டாலர், தசைச் சிதைவுக்கு 79 லட்சம் டாலர், அரிவாள் செல்லுக்கு 1 லட்சத்துக்கும் கீழே. அரசு ஆராய்ச்சி மானியத்திலும் இதைவிட அரிதான நோய்களுக்கு இதைவிட அதிகம். அவர் கோஷம் எதுவும் போடவில்லை. எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நிறவெறி தானாகவே தெரிந்தது.

அந்த எண்களைத் தெருவுக்குக் கொண்டு போனவர்கள் சிறுத்தைகள். 1969இல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சோறு போடத் தொடங்கிய கட்சி, 1970இல் எல்லாக் கிளைகளும் இலவச மக்கள் மருத்துவமனை நடத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது. 1969 டிசம்பர் 4 விடியலில் சிகாகோ போலீஸ் ஃப்ரெட் ஹாம்ப்டனைப் படுக்கையிலேயே சுட்டுக் கொன்றது. சில வாரங்களில், 1970 ஜனவரியில், அந்த நகரத்துத் தோழர்கள் மருத்துவமனையைத் திறந்துவிட்டார்கள். பத்துக்கும் மேற்பட்ட நகரங்களில் இப்படித் திறந்தார்கள். சியாட்டில் நகரத்தில் தொடங்கியது பெயர் மாறி இன்றும் நடக்கிறது. 1971இலிருந்து வீடு வீடாகப் போய் அரிவாள் செல் பரிசோதனை. அந்த ஏப்ரலில் கட்சிப் பத்திரிகை, இந்த நோயைக் கண்டுகொள்ளாமல் விடுவது இனப்படுகொலை என்றே எழுதியது. 1972 மார்ச் கடைசியில் ஓக்லாந்தில் மூன்று நாள் மாநாடு. ஆயிரக்கணக்கானவர்களுக்கு மளிகைப் பை ஒரு கையில், ரத்தப் பரிசோதனை இன்னொரு கையில். அதே வருஷம் தங்கள் பத்து அம்சத் திட்டத்தைத் திருத்தி, கறுப்பருக்கும் ஒடுக்கப்பட்ட எல்லாருக்கும் முழு இலவச மருத்துவம் என்ற கோரிக்கையைச் சேர்த்தார்கள்.

அரசாங்கம் பதில் சொல்லியே ஆக வேண்டியதாயிற்று. 1971 பிப்ரவரி 18இல் அதிபர் நிக்சன் சுகாதாரம் பற்றி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் அரிவாள் செல் நோய் புறக்கணிக்கப்பட்டதை ஒத்துக்கொண்டு, ஆராய்ச்சிப் பணத்தை ஐந்து மடங்காக, 60 லட்சம் டாலராக உயர்த்துவதாக அறிவித்தார். சிறுத்தைகளைப் போலீஸை வைத்து வேட்டையாடிய அதே நிக்சன்தான். கலிபோர்னியா செனட்டர் ஜான் டன்னி கொண்டுவந்த மசோதா, 1972 மே 16இல் தேசிய அரிவாள் செல் சோகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆனது. மூன்று வருஷத்துக்கு 11.5 கோடி டாலர் வரை செலவழிக்கலாம் என்று ஒப்புதல். ஐந்து மாதம் முன்னால், 1971 டிசம்பர் 23இல், மேரி லாஸ்கர் குழுவினர் பாடுபட்ட புற்றுநோய்ச் சட்டத்துக்கு அதே மூன்று வருஷக் கணக்கில் ஏறத்தாழ 160 கோடி டாலர் ஒப்புதல். புற்றுநோய் எல்லாருக்கும் வருகிறது, நோயாளிகளும் அதிகம். அதனால் தொகை அதிகம் இருப்பதில் தப்பில்லை. கவனிக்க வேண்டியது வேறு. ஒப்புதல் என்பது உச்சவரம்பு, கையில் வருகிற காசு வேறு. அரிவாள் செல்லுக்கு வருஷா வருஷம் உண்மையில் ஒதுக்கியது அந்த வரம்பைவிட மிகவும் குறைவு. தலித் துணைத்திட்டத்துப் பணத்தை டெல்லி அரசு 2010 காமன்வெல்த் விளையாட்டுக்குத் திருப்பிவிட்டதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பணம் குறைந்தது ஒரு பக்கம். சட்டத்தின் முகவுரையிலேயே பெரிய பிழை இருந்தது. சுமார் 20 லட்சம் அமெரிக்கர்களுக்கு இந்த நோய் இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். 20 லட்சம் பேர் கேரியர்கள். நோயாளிகள் அதில் மிகச் சிறிய பங்கு. ஒரு வார்த்தைப் பிழையில் 20 லட்சம் ஆரோக்கியமான கறுப்பு மக்கள் நோயாளிகள் ஆனார்கள். அந்தக் காலத்தில் தெருவில் செய்த மலிவான பரிசோதனை நோயையும் கேரியரையும் பிரித்துக் காட்டாது. ரத்தத்தைத் திரவத்தில் விட்டால் கலங்கும், அவ்வளவுதான். பிரித்துச் சொல்ல எலெக்ட்ரோஃபோரிசிஸ் செய்ய வேண்டும். அதற்கப்புறம் உட்கார வைத்து விளக்க ஆள் வேண்டும். ஆள் இல்லாமலே பரிசோதனை பரவியது.

மத்தியச் சட்டம் பரிசோதனை அவரவர் விருப்பம் என்றது. மாநிலங்கள் அப்படி இருக்கவில்லை. பல மாநிலங்கள் கட்டாயப் பரிசோதனைச் சட்டம் போட்டன. சில இடத்தில் பள்ளியில் சேர, சில இடத்தில் கல்யாண உரிமம் வாங்க. நியூயார்க் சட்டம், வெள்ளையரோ இந்தியரோ கீழைத்தேசத்தாரோ அல்லாதவர்கள் பரிசோதனை செய்ய வேண்டும் என்று இனம் பிரித்து எழுதியது. கேரியர் என்று தெரிந்தவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. சில விமான நிறுவனங்கள் வேலை மறுத்தன. விமானப்படைப் பயிற்சிக் கழகம் கேரியர்களைச் சேர்ப்பதில்லை என்ற விதியை வழக்குக்குப் பிறகு 1981இல்தான் கைவிட்டது. டெட்ராய்ட்டில் இந்த நோய்க்கான அமைப்பைக் கட்டிய கறுப்பு மருத்துவர் சார்லஸ் விட்டன், ஆலோசனையும் விளக்கமும் இல்லாத மொத்தப் பரிசோதனை நல்லதைவிடக் கெட்டதையே செய்யும் என்று 1973இலேயே எச்சரித்தார்.

நோயாளிகளின் பெயரால் சட்டம் வந்தது. எழுதுகிற இடத்தில் நோயாளிகள் இல்லை. விளைவு இது. சட்டம் கையெழுத்தாகிப் பத்து வாரம் ஆவதற்குள், 1972 ஜூலை 25இல், ஜீன் ஹெல்லர் என்ற பத்திரிகையாளர் டஸ்கீகி விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். ஒரு கையால் கறுப்பு ரத்தத்தைக் காப்பாற்றச் சட்டம் போட்ட அரசு, இன்னொரு கையால் கறுப்பு ஆண்களைச் சாக விட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் அரசு ஊசியோடு வந்தால் யார் கை நீட்டுவார்கள்? இந்த அவநம்பிக்கையை மூடத்தனம் என்று எழுதுகிற படித்தவர்கள் இன்றும் உண்டு. 1997இல் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். தேதி மே 16. அரிவாள் செல் சட்டம் கையெழுத்தான அதே தேதி, சரியாக 25 வருஷம் கழித்து.

இவ்வளவும் சொன்ன பிறகு, போராட்டம் வீண் என்று யாரும் நினைக்கக்கூடாது. 1972 சட்டத்தின் பணத்தில் பத்து ஆராய்ச்சி, சிகிச்சை மையங்கள் வந்தன. அந்த வழியில் வந்தவர் மெரிலின் கேஸ்டன் என்ற கறுப்புப் பெண் மருத்துவர். அவர் குழு 215 சின்னப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்குத் தினமும் வாய்வழிப் பென்சிலின் கொடுத்துப் பார்த்தது. கொடுக்காத 110 பேரில் 13 பேருக்கு ரத்தத்தில் கடுமையான தொற்று, மூன்று சாவு. கொடுத்த 105 பேரில் 2 பேருக்குத்தான் தொற்று, சாவு இல்லை. மேலும் காத்திருப்பது அநியாயம் என்று எட்டு மாதம் முன்னதாகவே ஆய்வை நிறுத்தினார்கள். 1986இல் முடிவு வெளியானது. பிறந்தவுடனே பரிசோதித்து, பென்சிலின் கொடு என்பது அடுத்த வருஷமே தேசிய அளவிலான பரிந்துரை ஆயிற்று. டஸ்கீகி மனிதர்களுக்கு மறுக்கப்பட்ட அதே பென்சிலின்தான். மருந்து ஒன்றுதான். கேள்வி கேட்கிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் மாறியிருந்தது. 1998இல் ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரைக்கு இந்த நோய்க்காக அனுமதி கிடைத்தது. வலி வருகிற தடவை அதனால் வெகுவாகக் குறைகிறது.

இனி நம் வீட்டுக் கதை. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைப் பார்த்து, இருளர், குறும்பர், பணியரிடம் இந்தக் கூறு நிறைய இருப்பதை எழுதினார்கள். அதே வருஷம் அசாம் தேயிலைத் தோட்டக் கூலிகளிடம் நோய் பதிவானது. 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் அண்ணல் அம்பேத்கரோடு லட்சக்கணக்கான மகார்கள் பௌத்தம் தழுவினார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1958இல், அதே நாக்பூரிலிருந்து சுக்லா, சோலங்கி என்ற மருத்துவர்களின் கட்டுரை லண்டன் லான்செட் இதழில் வருகிறது: மகார்களிடம் அரிவாள் செல் கூறு அதிகம். அதாவது தலித் சிறுத்தைகளை உருவாக்கிய அதே சனங்களின் ரத்தத்தில், கருஞ்சிறுத்தைகள் போராடிய அதே நோய் இருந்தது. பெயர் கடல் கடந்து வந்தது, பரிசோதனை மேசை வரவில்லை. தசாலையோ பவாரையோ குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. 1974 ஜனவரியில் வொர்லிக் கலவரத்தில் பகவத் ஜாதவைப் பறிகொடுத்த இயக்கம் அது. உயிரோடு இருப்பதே போராட்டமாக இருந்த நாட்கள். லான்செட் கட்டுரையைச் சேரிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவர்கள் ஆராய்ச்சியாளர்களும் அரசும்.

நான் மலையடிவாரத்து ஓர் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த வருஷங்களில், பணியர் குடியிருப்பிலிருந்து வலியில் துடிக்கிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். சீட்டில் ‘சோகை’ என்று எழுதி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். பெரியவர்கள் வந்தால், ‘தோட்டத்து வேலைக்கு டிமிக்கி குடுக்க வலின்னு நடிக்குதுங்க’ என்று மேஸ்திரி சொன்னதையே வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களும் சொன்னார்கள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் இதே நோயாளிகளைப் போதை ஊசிக்கு அலைகிறவர்கள் என்று சந்தேகப்படுவதைப் பிறகு படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. ஒடுக்கப்பட்டவன் வலியை எந்த ஊரிலும் நம்புவதில்லை. பரிசோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு சொட்டு ரத்தம், ஒரு சொட்டு மெட்டாபைசல்பைட் கரைசல், மேலே கண்ணாடிச் சில்லு, ஓரத்தை மூடிவிட்டுக் காத்திருந்தால் அணுக்கள் வளைவது கண்ணுக்குத் தெரியும். அந்த மருந்துப் பொடிக்கு எழுதிக் கேட்டால், ‘அது நம்ம லிஸ்ட்டுல இல்லப்பா’ என்று பதில் வரும். ஒரு தாய் என்னிடம் கேட்டாள்: “அவனுக்கு என்னா தீனம்னு ஒரு பேராச்சும் சொல்லுங்க சாரே.” 1952இலேயே லண்டனில் அச்சான பெயர், நாற்பது வருஷம் ஆகியும் அந்தத் தாய்க்கு வந்து சேரவில்லை.

வழி காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. கூடலூரில் 1990இலிருந்து நடக்கும் ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாகப் பயிற்றுவித்து, இந்த நோயாளிகளைப் பெயர் சொல்லித் தேடிப் பிடித்துத் தொடர்ந்து பார்த்து வருகிறது. வலியை நம்புகிற ஆஸ்பத்திரி எப்படி இருக்கும் என்று அங்கே போனால் தெரியும்.

2023 ஜூலை 1இல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதமர் தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் நோயை ஒழிப்பது என்பது இலக்கு. கேட்காமலே ஒரு திட்டம் வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் எந்தக் கதையைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பரிசோதித்தவர்களுக்கு அட்டை கொடுக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு அட்டையையும் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஜாதகப் பொருத்தத்துக்குப் பதிலாக ரத்தப் பொருத்தம். இரண்டு கேரியர்கள் கல்யாணம் பண்ணினால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்புண்டு. அந்தத் தகவல் அவர்களுக்குக் கிடைக்கத்தான் வேண்டும். அது தகவலாகவே நிற்குமா, இல்லை ஒரு பெண்ணைத் தள்ளி வைக்கிற அத்தாட்சியாகுமா? 1972இல் விட்டன் கூட்டாளிகள் கேட்ட கேள்வி இதுதான். சாதி கேட்டுப் பெண் எடுக்கிற நாட்டில் அட்டை கேட்காமல் விடுவார்களா?

அப்புறம், ‘பழங்குடி நோய்’ என்ற முத்திரை. விதர்ப்பத்து மகார்களிடம் 1958லேயே கண்ட நோயைப் பழங்குடி எல்லைக்குள் அடைத்துவிட்டால் எல்லைக்கு வெளியே இருக்கிற தலித் நோயாளியை யார் தேடுவார்கள்? 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களில் அரிவாள் செல் நோயையும் சேர்த்தது. அதே சட்டத்தின் 4 சதவீத வேலை ஒதுக்கீட்டில் இந்த நோய்க்கு இடமில்லை. சான்றிதழ் உண்டு, வேலை இல்லை.

அமெரிக்காவிலும் கணக்கு நேராகிவிடவில்லை. 2008 முதல் 2018 வரையான கணக்கைப் பார்த்த ஆய்வொன்று 2020இல் வந்தது. அரசு ஆராய்ச்சிப் பணம், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளி ஒருவருக்கு வருஷத்துக்குச் சராசரி 2,807 டாலர். அரிவாள் செல் நோயாளி ஒருவருக்கு 812. தனியார் அறக்கட்டளைப் பணமோ 7,690 டாலரும் 102 டாலரும். ராபர்ட் ஸ்காட் போட்ட கணக்கு ஐம்பது வருஷம் கழித்தும் அதே பக்கமே சாய்கிறது. 2023 டிசம்பர் 8இல் மரபணுவையே திருத்துகிற இரண்டு சிகிச்சைகளுக்கு அங்கே அனுமதி கிடைத்தது. ஒன்றின் விலை 22 லட்சம் டாலர், இன்னொன்று 31 லட்சம் டாலர். மூலக்கூறு மருத்துவம் மறுபடியும் இதே ரத்தத்தில் பாடம் எழுதிவிட்டது. நம்ம சனங்க அந்த விலைப்பட்டியலைப் படிக்கத்தான் முடியும்.

பென்சிலினும் ஹைட்ராக்சியூரியாவும் அந்த விலை இல்லை. இன்றே கொடுக்க முடியும். எத்தனை கோடிப் பேரைப் பரிசோதித்தோம் என்ற அறிவிப்பு அடிக்கடி வருகிறது. நாம் கேட்க வேண்டிய எண்கள் வேறு. நோய் உறுதியானவர்களில் எத்தனை பேர் மாதம் தவறாமல் மாத்திரை வாங்குகிறார்கள்? பிறந்த உடனே எத்தனை பிள்ளைகளைப் பரிசோதித்து, எத்தனை பேருக்குப் பென்சிலின் தொடங்கினார்கள்? எத்தனை பேர் செத்தார்கள், என்ன வயதில்? பட்டியல் சாதியினரில் எத்தனை பேரைப் பார்த்தார்கள்? திட்டத்தைத் தீர்மானிக்கிற குழுவில் எத்தனை நோயாளிகள், எத்தனை பழங்குடியினர், எத்தனை தலித்துகள் உட்கார்ந்திருக்கிறார்கள்? நீலகிரியிலும் தருமபுரி, சேலம் மலைகளிலும் இருக்கிற தோழர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் இதை வாய்விட்டுக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள். வருகிற பதிலை இந்த இதழுக்கு அனுப்புங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிடுவோம்.